தாழ்ப்பாள் துவக்கும் தொண்டைமான் ஆயுதசாலையும்

சென்ற தைப்பொங்கலுக்கு முந்திய வாரத்திலே கனடா நாட்டிலிருந்து எனக்கொரு கடிதம் வந்தது. எழுதியவர் என்னிடம் தமிழ் பயின்ற மாணாக்கர் ஒருவர். பதுளைக்கு அணித்தான தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவர். தாயார் கொழுந்து பறித்த கூலியிலே படித்து முன்னேறி, இன்று அந்நாட்டிலே இயந்திரத் தொழில் புரிந்து குடும்பத்தோடு வாழ்பவர். ஆண்டுக்கொரு முறையாவது நலம் விசாரித்து எழுதும் நல்லியல்பு உடையவர். ஆனால் இம்முறை கடிதத்தோடு வந்த நிழற்படம் என்னைத் திடுக்கிட வைத்தது. மேசை மீது பழைய கம்பளியொன்றை விரித்து, அதன்மேல் ஒரு துவக்கைக் கிடத்திப் படம் பிடித்திருந்தார்.

“பண்டிதர் ஐயா அவர்களுக்கு” என்று தொடங்கி அவர் எழுதியிருந்ததன் சாரம் இது: இந்தத் துவக்கு லீ-என்பீல்ட் என்னும் பழைய இராணுவ றைபிள். வங்காளத்து இஷாப்பூர்த் தொழிற்சாலையிலே செய்யப்பட்டது. படைக்குப் பயன்படாது கழிக்கப்பட்டபின் பல கை மாறித் தம்மிடம் வந்திருக்கிறது. முறைப்படி உரிமம் பெற்றே வாங்கியிருக்கிறார். மாதத்துக்கு ஒரு முறை, சங்கத்தார் நடத்தும் சுடுதிடலுக்குச் சென்று கடதாசி இலக்கிலே சுட்டு வருகிறார். “மிருகம் எதையும் சுடுவதில்லை ஐயா, பழம்பொருள் என்ற ஆசையினாலேதான் வைத்திருக்கிறேன். ஆனால் அம்மாவுக்குச் சொன்னபோது அழுதுவிட்டார். இது தவறா ஐயா?” என்று கேட்டிருந்தார். கடைசியில் ஒரு பின்குறிப்பு: அதன் உறுப்புகளுக்குத் தமிழ்ப் பெயர் எழுதித் தரமுடியுமா என்று.

உண்மையைச் சொல்வதானால், எனக்கு முதலில் உண்டானது கோபமே. அன்றிரவே ஒரு மறுமொழி எழுதினேன். எழுதியதை அஞ்சலிற் சேர்க்கவில்லை. மறுநாள் ஆசிரியர் அறையிலே இவ்விடயத்தைப் பேச்சுவாக்கிற் சொன்னேன். கணித ஆசிரியர், “தபால் முத்திரை சேர்ப்பது போலத்தானே” என்றார். முல்லைத்தீவிலிருந்து இடமாற்றம் பெற்று வந்திருந்த இளம் ஆசிரியை ஒருவர் எதுவும் பேசாது எழுந்து வகுப்புக்குப் போய்விட்டார். அவருடைய மௌனம் என்னை நெடுநேரம் உறுத்தியது. அன்று முதல் இரண்டு திங்களாக இதனை எண்ணி வந்திருக்கிறேன். அங்ஙனம் எண்ணியதன் பயனாக எனக்குண்டான அபிப்பிராயத்தையே இங்கு வாசக அன்பர் முன் வைக்கிறேன்.

முதலில் பொருளை அறிந்துகொள்வோம். பொருளை அறியாது புகழ்தலும் இகழ்தலும் கற்றோர்க்கு அழகன்று. ஆங்கிலேயர் ‘போல்ட்’ என்று வழங்குவதற்கு நேரான தமிழ்ச் சொல் நம் வீட்டுக் கதவிலேயே இருக்கிறது. அது தாழ்ப்பாள். கதவுத் தாழை எப்படி மேலே திருப்பி, பின்னே இழுத்து, மறுபடி முன்னே தள்ளி, கீழே திருப்பிப் பூட்டுகிறோமோ, அப்படியே இந்தத் துவக்கின் பின்புறத்தேயுள்ள உருக்குத் தாழையும் கையாலே இயக்குகிறார்கள். பின்னே இழுக்கும்போது சுட்டொழிந்த வெற்றுக்கோது வெளியே தெறிக்கும். முன்னே தள்ளும்போது அடுத்த ரவை குழலினுள்ளே புகும். ஒவ்வொரு வெடிக்கும் கை ஒரு முறை உழைத்தாக வேண்டும். விசையை அழுத்திய மாத்திரத்தில் மழைபோற் பொழியும் இக்காலத்துத் தானியங்கித் துவக்குகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுவே. இதனாலே இவ்வகையைத் ‘தாழ்ப்பாள் துவக்கு’ என்று நாம் தாராளமாக அழைக்கலாம்.

‘துவக்கு’ என்னும் சொல்லைக் கண்டு தமிழகத்து அன்பர்கள் சிலர் நகைப்பதுண்டு. அவர்களுக்குத் துவக்கு என்றால் தொடக்கம். ஈழத்து வழக்கிலோ துப்பாக்கியே துவக்கு. இரண்டும் துருக்கி மொழியின் வழியாக வந்த ஒரே சொல்லின் திரிபுகள் என்பர் அறிஞர். பிறமொழிச் சொல் ஒன்று நம் வாயிலே உருண்டு, நம் சொந்தச் சொல்லொன்றின் வடிவத்தையே தாங்கி நிற்பது மொழியின் விளையாட்டு. ஆயினும் எங்கள் நாட்டிலே துவக்கு எதனைத் துவக்கியது, எதனை முடித்தது என்பதை எண்ணும்போது அவ்விளையாட்டு எனக்குக் கசக்கிறது.

நிற்க. ஸ்கொத்லாந்திலே பிறந்து கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழ்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் வகுத்த தாழ்ப்பாளும், இலண்டனுக்கு வடக்கேயுள்ள என்பீல்ட் என்னும் ஊரின் தொழிற்சாலையும் சேர்ந்து தந்த பெயரே லீ-என்பீல்ட். 1895 ஆம் ஆண்டு பிரித்தானியப் படையிலே புகுந்த இது, இரண்டு உலகப் போர்களிலும் ஊழியஞ் செய்தது. இதன் குழல்விட்டம் ஓரங்குலத்தில் ஆயிரத்தில் முந்நூற்று மூன்று பங்கு. ஆதலின் ‘திறீ நோட் திறீ’ என்றே நம் நாட்டுப் பொலிசாரும் பொதுமக்களும் இதனை அறிவர். இந்தியாவின் உத்தரப்பிரதேசப் பொலிசார் 2020 ஆம் ஆண்டுக் குடியரசு தின அணிவகுப்பிலேதான் இதற்கு விடைகொடுத்தனர். கனடாவின் வடபுலத்துப் பனிவெளியைக் காக்கும் தொண்டர்கள், துருவக் கரடிக்கு அஞ்சி, அண்மைக் காலம் வரை இதனையே தோளிற் சுமந்தனர். ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைத்த இயந்திரங்கள் உலகிலே மிகச் சில. அவற்றுள் இஃதொன்று என்பதை மறுக்க முடியாது.

பெரும் போர்கள் முடிந்தபின் அரசாங்கங்களின் களஞ்சியங்களிலே இத்தகைய றைபிள்கள் இலட்சக் கணக்கிலே தேங்கிக் கிடந்தன. ஜெர்மனியின் மௌசர், ருசியாவின் மோசின்-நாகன், இத்தாலியின் கார்க்கானோ என்று இனங்கள் பல. வியாபாரிகள் அவற்றைக் கப்பல் கப்பலாக வாங்கி மேனாடுகளிலே மலிவாக விற்றனர். தடித்த கொழுப்பு மெழுகிலே தோய்த்து மரப்பெட்டியில் அடுக்கியிருந்தவற்றை வாங்கி, மெழுகை உருக்கித் துடைத்து, மரத்துக்கு எண்ணெய் பூசி, மீண்டும் சுட்டுப்பார்ப்பது ஒரு பொழுதுபோக்காயிற்று. இன்று அஃது ஒரு கல்வியாகவே வளர்ந்திருக்கிறது.

கல்வி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. என் மாணாக்கர் தமது துவக்கிலுள்ள குறிகளை ஒவ்வொன்றாக வரைந்து அனுப்பியிருந்தார். முடி ஒன்று, அதன்கீழ் ‘ஜீ. ஆர். ஐ.’ என்ற எழுத்துகள்; அஃதாவது ஜோர்ஜ், அரசர், பேரரசர். அதன்கீழ் தொழிற்சாலையின் பெயர், ஆண்டு. தாழிலே ஓர் எண். உடலிலே ஓர் எண். இரண்டும் ஒன்றாயிருத்தல் வேண்டும். ஒரு துவக்கின் தாழை மற்றொன்றிலே மாட்டினால் இடைவெளி பிசகி, வெடிக்கும்போது கோது பிளந்து சுடுபவருக்கே தீங்கு நேரலாம். மரத்திலே பிற்காலத்தார் குத்திய குறிகள், பழுது பார்த்த பட்டறையின் முத்திரை, கழித்துவிட்டதற்கு அடையாளம் என்று அவர் அடுக்கிக்கொண்டே போகிறார். இதனைப் படித்தபோது என் கோபம் சற்றே தணிந்தது. ஏட்டுப் பிரதிகளை வைத்துக்கொண்டு, இது மூலவோலை, இது பிற்கால ஒட்டு, இக்கையெழுத்து வேறொருவருடையது என்று ஆராய்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளையினதும் உ. வே. சாமிநாதையரினதும் வழியன்றோ இது! ஏடு என்றாலும் இரும்பு என்றாலும், அதன்மேல் எழுதியிருப்பதைப் படிக்க முயல்பவனை நான் முழுவதும் வெறுக்க முடியாது.

ஆயின் ஏட்டை ஆராய்வோர், அதிலே உள்ளதோடு இல்லாததையும் நோக்குவர். சிதைந்த இடத்திலே என்ன இருந்திருக்கும் என்று கேட்பர். துவக்கைப் படிப்போரும் அவ்வாறு கேட்கிறார்களா? ஊவாவின் சரித்திரத்தைக் கொண்டு இதனைச் சிறிது சோதித்துப் பார்ப்போம்.

பதுளைப் பட்டணத்தின் நடுவே சென் மார்க்ஸ் தேவாலயம் என்றொரு பழைய ஆங்கிலத் திருக்கோயில் உண்டு. அது மேஜர் தொமஸ் வில்லியம் றோஜர்ஸ் என்பவருடைய ஞாபகார்த்தமாகக் கட்டப்பட்டது. அவர் பதுளையிலே உதவி அரசாங்க ஏஜண்டாக இருந்தவர். ஆயிரத்து நானூறு யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று பேர் பெற்றவர். 1845 ஆம் ஆண்டிலே அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். அவர் கையாண்டவை தாழ்ப்பாள் துவக்குக்கும் முந்திய வாய்வழி மருந்திடும் துவக்குகள். சுட்டவரின் பெயர் கல்லிலே நிற்கிறது. அக்காடுகளிலே வழி காட்டியவர்கள், துவக்குச் சுமந்தவர்கள், மருந்திட்டுக் கொடுத்தவர்கள் யார்? கல் அதைச் சொல்லவில்லை.

தாழ்ப்பாள் துவக்கின் காலம் மலைநாட்டுக்கு வந்தது 1900 ஆம் ஆண்டளவில். அவ்வாண்டிலேதான் இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படை என்னும் தொண்டர் படை நிறுவப்பட்டது. பெயருக்கேற்ப, அதிலே சேர்ந்தவர் ஐரோப்பியத் துரைமாரே. போயர் யுத்தத்துக்கு அப்படையிலிருந்து ஆட்கள் போயினர். 1915 இல் துருக்கி நாட்டுக் கலிப்போலிப் போர்முனையிலே தளபதி பேர்ட்வுட்டுக்கு மெய்காப்பாளராகவும் நின்றனர். ஆங்கே அவர்கள் காட்டிய தீரத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதே 1915 இல் இந்நாட்டிலே கலவரம் மூண்டு இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது, இத்தகைய தொண்டர் படைகளின் துவக்குகள் நிராயுதபாணிகளை நோக்கியும் நீண்டன. அக்கொடுமைகளை எதிர்த்துச் சட்டநிரூபண சபையிலே முழங்கியவர் சேர். பொன்னம்பலம் இராமநாதன். மறு ஆண்டிலே அதுபற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலும் வெளியிட்டார். நம் நாட்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் அதே 1916 ஆம் ஆண்டிற் பிறந்தது என்பதை இங்கே நினைவிற் கொள்ளுதல் தகும்.

தோட்டத் தொழிலாளருடைய கதையிலோ, துவக்கு வேறு முகம் காட்டுகிறது. 1940 ஆம் ஆண்டு தை மாதத்தில், ஹேவாஹெட்டைப் பகுதி முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் சூட்டுக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி இரையானார். அவர் பெயர் இன்றும் மலையகத்தில் மறக்கப்படவில்லை. அவ்வேலைநிறுத்த அலை அதே ஆண்டிலே ஊவாவுக்கும் பரவியது. பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்திலே தொழிலாளர் தாமே ஒரு சபையைத் தெரிந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்தே கருமமாற்றத் துரையும் உடன்பட்டார். ஒழுங்கை நிலைநாட்டவெனத் துவக்குகளோடு வந்த பொலிசாரைத் தொழிலாளர் நிராயுதபாணிகளாக்கினர். பின்னர் கடும் அடக்குமுறை வந்தது; ஒரு வாரத்துக்கு மேலாக ஊவாவை ஏனைய பகுதிகளிலிருந்து துண்டித்த பெருவெள்ளமும் வந்தது; வேலைநிறுத்தம் ஒடுங்கியது. துவக்கேந்தி வந்தவர்களின் கையை எங்கள் மக்கள் வெறுங்கையாலே வெறுமையாக்கிய நாள் ஒன்று உண்டு என்பதைப் பதுளைப் பாடசாலைகளிலே எத்தனை பிள்ளைகள் அறிவர்?

இனித் தியத்தலாவைக்கு வருவோம். இன்று இராணுவக் கல்லூரி விளங்கும் அம்மேட்டு நிலத்திலே, 1900 ஆம் ஆண்டு ஆவணி தொடக்கம், தென்னாபிரிக்காவிலே சிறைபிடிக்கப்பட்ட போயர் வீரர்கள் அடைக்கப்பட்டனர். இலங்கைக்கு வந்த அச்சிறையாளர் தொகை ஏறத்தாழ 5,000. அவர்கள் பெரும்பாலும் கமக்காரர். ஆயினும் அவர்களுடைய அரசாங்கம் ஜெர்மனியிலிருந்து தருவித்த மௌசர் றைபிளாலே வல்லரசொன்றைத் திணறவைத்தவர்கள். மௌசரிலே ஐந்து ரவைகளை ஒரு பட்டியிலே கோத்து ஒரே தள்ளிலே உட்புகுத்தலாம். பிரித்தானியரின் றைபிளுக்கோ ஒவ்வொன்றாக இடவேண்டியிருந்தது. அத்தோல்விகளிலே கற்ற பாடத்தைக் கொண்டே போர் முடிந்தபின் குட்டையான புதிய லீ-என்பீல்ட் வகுக்கப்பட்டது. பட்டியாலே ரவை புகுத்தும் வசதியும் அதற்கு வந்தது. ஒரு நிமிடத்திலே முந்நூறு யார் தொலைவிலுள்ள இலக்கைக் குறிபார்த்துப் பதினைந்து முறை சுடும் பயிற்சியை 1914 இன் பிரித்தானியச் சிப்பாய் பெற்றிருந்தான் என்றால், அதற்கு மறைமுக ஆசிரியர்கள் போயர்களே. என் மாணாக்கரின் மேசையிலே கிடக்கும் துவக்கின் வமிசாவளியிலே தியத்தலாவைச் சிறையாளருக்கும் ஒரு பங்குண்டு.

அச்சிறையாளருள் எங்கல்பிரெக்ட் என்பவர், பிரித்தானிய மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தமையாற் சொந்த நாட்டுக்குத் திரும்ப இயலாது இலங்கையிலேயே தங்கினார். பின்னர் யால வனவிலங்குக் காப்பகத்தின் காவலரானார். துவக்காலே போர் புரிந்தவர் வாழ்நாளின் எஞ்சிய பகுதியை மிருகங்களைத் துவக்குக்குத் தப்புவிப்பதிலே கழித்தார். ஒரே பொருளைப் பற்றிய கை இரண்டு விதமாகவும் வாழலாம் என்பதற்கு றோஜர்ஸையும் இவரையும் அடுத்தடுத்து நிறுத்திப் பார்த்தாற் போதும்.

இதுவரை ஊரார் கதை சொன்னேன். இனி என் வீட்டுக் கதை ஒன்று. என் பாட்டனார் பன்னிரண்டாவது வயதிலே ஒரு துரை பங்களாவிலே ஏவற்பையனாகச் சேர்ந்தவர். தோட்டத்தின் பெயரும் துரையின் பெயரும் இங்கு வேண்டா. அத்துரை றைபிள் படையைச் சேர்ந்தவர். ஆண்டுக்கொரு முறை முகாமுக்குத் தியத்தலாவை போவார். திரும்பி வந்ததும் துவக்கைத் துடைப்பது பாட்டனாரின் வேலை. பங்களா அப்புவிடம் கெண்டியிலே கொதிநீர் வாங்கி, வளைந்த மூக்குடைய புனலைக் குழலின் பின்வாயிலே பொருத்தி, நீரை ஊற்றவேண்டும். குழல் முழுவதும் கையைச் சுடும். நீர் வடிந்ததும் துணியைக் கயிற்றிலே கோத்து இழுத்து, ஈரம் போக்கி, எண்ணெய் தடவவேண்டும். ஒன்பது ஆண்டுகள் இதனைச் செய்தார். “ஒரு நாளாவது சுட்டுப் பார்த்தீர்களா தாத்தா?” என்று சிறுவயதில் நான் கேட்டதுண்டு. “விசையில விரல் பட்டா வேலை போயிரும்டா. அதத் தொடாமத் தொடைக்கத் தெரிஞ்சதாலதான் ஒன்பது வருசம் இருந்தேன்” என்பார்.

கொதிநீர் ஏன் என்பது எனக்கு அக்காலத்திலே விளங்கவில்லை. என் மாணாக்கரின் கடிதமே விளக்கியது. பழைய ரவைகளின் பொறியூட்டும் மருந்திலே ஒருவகை உப்பு உண்டு. சுட்டபின் அது குழலினுள்ளே படிந்து, காற்றின் ஈரத்தை ஈர்த்துத் துருவை உண்டாக்கும். உப்பு எண்ணெயிலே கரையாது; நீரிலேதான் கரையும். ஆதலாற் சுடுதிடலிலிருந்து மீண்டதும் முதல் வேலையாகக் கொதிநீர் ஊற்றுகிறாராம். “இந்த இரகசியத்தை இங்குள்ள முதியவர் ஒருவரிடம் கற்றேன் ஐயா” என்று பெருமையோடு எழுதியிருந்தார். அவ்விடத்திலே நான் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். அவர் கடல் கடந்து போய்க் கற்ற இரகசியம் பதுளை மலையிலே லயத்துப் பையன் ஒருவனுடைய வெந்த உள்ளங்கையிலே இருந்தது. அதை எவரும் எழுதி வைக்கவில்லை. நானும் எழுதி வைக்கவில்லை.

அந்த றைபிளுக்கு எண் இருந்தது, பதிவேடு இருந்தது, படையின் கணக்கிலே அதற்கொரு வரி இருந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது, அதைத் துடைத்தவருக்கும் அவர் இனத்தாருக்கும் இந்நாட்டின் கணக்கிலே ஒரு வரி இல்லாது போயிற்று. 1949 இல் இலங்கை இராணுவம் அமைந்தபோது துரைமார் படை கலைக்கப்பட்டது. அதன் துவக்குகள் எண்ணி ஒப்படைக்கப்பட்டிருக்கும். எங்கள் மக்களுள் எஞ்சியோருடைய குறை தீர்ந்ததோ 2003 ஆம் ஆண்டின் சட்டத்தாலேதான். பாட்டனார் அதைக் காண இருக்கவில்லை.

தமிழ் படித்தவர் எவருக்கும் இவ்விடத்திலே ஔவையார் நினைவுக்கு வராதிருக்க முடியாது. அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றார் அம்மூதாட்டி. தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்டினான். மயிற்றோகையும் பூந்தொடையும் பெற்று, பளபளக்க மெருகிட்டு, காவல் மிக்க மாளிகையிலே படைக்கலங்கள் துயில்கின்றன. அதியமானுடையவையோ ஓயாப் போரிலே முனை மழுங்கிக் கொல்லன் களத்திலே கிடக்கின்றன என்று புகழ்வார்போல் இகழ்ந்தார். புறநானூற்றின் 95 ஆம் பாட்டு அது. முப்பது ஆண்டுகளாக நான் அதனை வகுப்பிலே நடத்துகிறேன். சுட்டுப்பாராத ஆயுதம் நகைப்புக்குரியது, போரிலே தேய்ந்த ஆயுதமே பெருமைக்குரியது என்ற கருத்திலே உற்சாகத்தோடு விளக்கியும் இருக்கிறேன்.

இப்போது அவ்வுற்சாகம் எனக்கு இல்லை. 1971 சித்திரையிலே இதே ஊவாவின் வெல்லவாயப் பொலிஸ் நிலையத்திலே வெடித்த வெடியையும், 1983 முதல் 2009 வரை வடக்கையும் கிழக்கையும் தின்ற போரையும் கண்ட நாடு இது. ஆசிரியர் அறையிலிருந்து பேசாது எழுந்துபோன அவ்விளம் பெண்ணின் முன்னிலையிலே, கொல்லன் களத்து ஆயுதமே சிறந்தது என்று நான் எங்ஙனம் சொல்வேன்? ஔவையின் அங்கதம் அதியமானைக் காப்பதற்கான தூதுத் தந்திரம். அதன் நோக்கமே போரைத் தவிர்ப்பது. அதனை மறந்து, போருக்குப் பாராட்டாக நாம் அப்பாட்டைக் கற்பித்துவிட்டோம். ஒரு நாட்டின் துவக்குகளெல்லாம் எண்ணெய் பூசிய வண்ணம் பூட்டிய அறையிலே துயிலுமானால் அந்நாடு பேறு பெற்றது. இந்த அளவிலே நான் தொண்டைமானின் கட்சி. என் மாணாக்கரின் கட்சியும் ஆவேன்.

ஆனால் எதிர்க்கட்சியின் நியாயத்தையும் கேட்க வேண்டும். பழம்பொருளென்று கருதுவதெல்லாம் கொல்லும் ஆற்றல் இழந்ததன்று. 1963 ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் உயிரைக் கவர்ந்தது, கழிக்கப்பட்ட இத்தாலிய இராணுவத் தாழ்ப்பாள் துவக்கே. கொலையாளி அதைத் தூரக்குறிக் கண்ணாடியோடு சேர்த்து, தபாற் கட்டணம் உட்பட, 21 டொலர் 45 சதத்துக்குத் தபால் மூலம் வாங்கியிருந்தான். 1968 இல் அந்நாடு தபால் வழி விற்பனையைத் தடுத்தது. நம் ஊரிலோ துன்பம் வேறு வடிவானது. பன்றியையும் மானையும் குறித்து ஒற்றையடிப் பாதைகளிலே கட்டிவைக்கும் கட்டுத்துவக்கு, விறகுக்குப் போனவனுடைய காலைக் கொண்டுபோவதை ஊவாவிலே நாம் அறிவோம். ஆதலின் துவக்கு வைத்திருப்பதை விளையாட்டென்று இங்கே எவரும் தொடங்கவேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். 1916 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்கும் நம் முறை இறுக்கமானது. அந்த இறுக்கம் நல்லதே.

எனவே என் அபிப்பிராயம் இதுதான். பழைய துவக்கைச் சேர்ப்பது பாவமன்று. ஆனால் பாதிக் கதையோடு சேர்ப்பது குற்றம். சேகரிப்போர் தாழின் எண்ணும் உடலின் எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்க்கின்றனர். பொருந்தாவிடில் ஆபத்து என்கின்றனர். சரித்திரத்துக்கும் அதே விதி. துவக்கைப் பிடித்தவன் பெயர் ஓர் எண். அதைச் சுமந்தவன், துடைத்தவன், அதன் வாய்க்கு முன்னே நின்றவன் பெயர் மற்றோர் எண். இரண்டும் பொருந்தினாலன்றி அக்கதையைக் கையிலெடுப்பது எடுத்தவனுக்கே தீங்கு. மேனாட்டுச் சேகரிப்பாளரின் குறிப்பேடுகளிலே படைப்பிரிவின் பெயர் உண்டு. தளபதியின் பெயர் உண்டு. மற்றப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. அதை நிரப்பக்கூடியவர்கள் நம்மவர்களே.

கண்டி ஹந்தானையிலே தேயிலைக்கு அருங்காட்சியகம் உண்டு. கம்பளைப் பக்கத்திலே தோட்டத் தொழிலாளருக்கென்றே ஓர் அருங்காட்சியகம் பழைய லயத்திலே அமைந்திருக்கிறது. பதுளைக்கும் அப்படி ஒன்று வேண்டும். அதிலே ஒரு தாழ்ப்பாள் துவக்கும் இருக்கலாம். தாழைக் கழற்றிவிட்டு, குழலை அடைத்துவிட்டு, மீண்டும் சுடாத வண்ணம் வைக்கலாம். அதன் பக்கத்திலே வளைமூக்குப் புனல் ஒன்றும் இருக்கவேண்டும். முல்லோயாக் கோவிந்தனின் பெயரும் வேவெஸ்ஸயின் வெறுங்கைகளும் சுவரிலே இருக்கவேண்டும். தியத்தலாவைப் போயரின் கதையும் இருக்கட்டும், அவர்களும் தோற்றவர்களே.

இதற்கு அரசாங்கத்தின் நிதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆசிரியப் பெருமக்கள் ஒரு காரியம் செய்யலாம். உயர்வகுப்பு மாணாக்கருக்குக் கட்டுரைப் பயிற்சியாக, தத்தம் தோட்டத்து முதியோர் ஒருவரிடம் சென்று, பங்களாவிலும் தொழிற்சாலையிலும் அவர்கள் கையாண்ட கருவி ஒன்றைப்பற்றிக் கேட்டெழுதிவரச் சொல்லுங்கள். கவ்வாத்துக் கத்தியாகலாம், பெரட்டுத் தப்பாகலாம், கொழுந்துத் தராசாகலாம். அக்கருவிக்கு அவர்கள் வழங்கும் பெயரை அப்படியே எழுதச் செய்யுங்கள். இலக்கணம் திருத்த வேண்டாம். முதியோர் பலர் போய்விட்டனர். எஞ்சியோர் நினைவு, துடைக்காது விட்ட குழலைப் போல, ஒவ்வொரு மழைக்கும் சிறிது சிறிதாகத் துருவேறி வருகிறது.

மாணாக்கருக்கு இரண்டாவது முறை எழுதிய மறுமொழியை அஞ்சலிற் சேர்த்துவிட்டேன். தாழ்ப்பாள், குழல், விசை, குறிமுனை, பின்கட்டை என்று அவர் கேட்ட சொற்களை நிரலாக எழுதினேன். பிறகு பின்வருமாறு முடித்தேன்: “தம்பி, உங்கள் அம்மா அழுதது துவக்கைக் கண்டன்று, அது எந்தப் பக்கமாக நீண்டிருந்தது என்பதை நினைத்தே. அடுத்த முறை பேசும்போது அதைப்பற்றி அவரிடமே கேளுங்கள்; அவர் சொல்வதை எழுதி வையுங்கள். உங்கள் குறிப்பேட்டிலே இத்துவக்கை ஆண்டவர்களின் வரிசைக்குக் கீழே ஒரு கோடு இடம் விடுங்கள். ‘துடைத்தவர்’ என்று தலைப்பிடுங்கள். உங்கள் துவக்கைத் துடைத்தவர் யாரென்று நமக்குத் தெரியாது. தெரியும்வரை, உங்களுக்குச் சம்மதமானால், அங்கே என் பாட்டனாரின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.”

பெயரை அடுத்த தாளிலே எழுதி அனுப்பினேன். அஞ்சற்பெட்டியிலே உறையைப் போட்டபின் சிறிது நேரம் அங்கேயே நின்றேன். பாட்டனாரின் பெயரை நான் காகிதத்திலே எழுதியது அதுவே முதல் தடவை.